நீர் ஓடாத ஓடைக்கும் படத்தில் இடமுண்டு

கிராம சபைக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "பத்து ஆண்டுகளாக இந்த ஓடையில் தண்ணீர் வந்து யாரும் பார்த்ததில்லை. இதை இன்னமும் ஓடை என்று ஏட்டில் எழுதி வைத்திருப்பானேன்? மனையாகப் பிரித்துக் கொடுத்தால் நாலு குடும்பம் பிழைக்குமே!" என்று ஒருவர் எழுந்து கேட்பார். கேட்பவர் தீய எண்ணங் கொண்டவர் அல்லர். அவர் கண்ணால் கண்டதையே சொல்கிறார். கண்டது மணலும் கருவேலமும்தான், நீரைக் காணவில்லை. ஆகவே கேள்வி நியாயமாகவே தோன்றுகிறது. அதற்குச் சட்டத்தை மட்டும் எடுத்துக்காட்டி வாயடைப்பது போதாது. காரணத்தை விளக்கிச் சொல்லுதல் வேண்டும்.

இக்கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஆண்டில் சில நாட்களே நீரோடும் ஓடைகள் ஆயிரக்கணக்கில் உள்ள வேறொரு நாட்டிலும் இது எழுந்தது. அங்கே ஓடைகளைக் கவனியாமல் நிலத்தைப் பங்கிட்டார்கள், அல்லற்பட்டார்கள், பின்னர் பல்லாண்டு உழைத்து அந்த ஓடைகளையெல்லாம் படத்தில் ஏற்றினார்கள். அந்த வரலாற்றையும், அத்தகைய படத்தைப் படிக்கும் முறையையும் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்துகொள்வது பயன் தரும் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

புல்வெளியும் உடைநிலமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதியில் மான்டானா என்னும் மாநிலம் இருக்கிறது. பரப்பில் நம் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மக்களோ 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுமார் 10 லட்சத்து 84 ஆயிரம் பேர்தான். மேற்கே ராக்கி மலைத்தொடர்; கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் புல்வெளி. இப்புல்வெளியைப் பிரெய்ரி என்பர். மரம் அரிது, மழையும் அரிது. கிழக்குப் பகுதியில் ஆண்டுக்கு 300 முதல் 350 மில்லிமீட்டர் வரையே சாதாரணமாகப் பெய்கிறது. நமது வறண்ட மாவட்டங்களிற் பெய்யும் மழையிற் பாதியளவே எனலாம்.

இப்புல்வெளியின் நடுவே மிசௌரி ஆறு ஓடுகிறது. பனியூழிக் காலத்தில் வடக்கிலிருந்து இறங்கி வந்த பெரும் பனிப்படலம் அவ்வாற்றின் பழைய வழியை அடைத்து, அதைத் தெற்கே தள்ளிவிட்டது. புதிய வழியில் ஆறு நிலத்தை ஆழமாக அறுத்துக்கொண்டு சென்றது. ஆறு தாழ்ந்ததும், அதனோடு கலக்கும் ஓடைகளும் அந்த ஆழத்திற்கு இறங்க வேண்டியதாயிற்று. அங்குள்ள நிலம் பெரும்பாலும் களிமண் இறுகியமைந்த மென்பாறை. மழைநீர் பட்டால் எளிதில் கரையும். ஆகவே ஒவ்வோர் ஓடையும் தன் பங்குக்கு நிலத்தை அகழ, அவற்றின் கிளைகளும் கிளைகளின் கிளைகளும் அகழ, ஆற்றின் இருமருங்கிலும் சமவெளி உடைந்து மேடும் மடுவுமாகிவிட்டது. சமவெளியிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கப் பல இடங்களில் 500 அடிக்கு மேல் இறங்க வேண்டும். அவ்வூர் மக்கள் இத்தகைய நிலத்தைப் 'பிரேக்ஸ்' என்கிறார்கள். நாம் உடைநிலம் எனலாம்.

உடைநிலத்தின் பள்ளங்களில் ஆண்டின் பெரும்பகுதி நீரிராது. பனி உருகும் வசந்த காலத்தில் சில வாரங்களும், கோடையில் இடியுடன் மழை கொட்டும்போது சில மணி நேரமுமே நீரோடும். அப்பள்ளத்திற்கு அங்கே 'கூலீ' என்று பெயர். 'பாய்தல்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம் நாட்டுக் கூலிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. நீரில்லாத பள்ளத்திற்கும் பாய்தலைக் குறிக்கும் பெயரே நிலைத்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸ், கிளார்க் என்னும் இருவர் தம் குழுவினருடன் 1805ஆம் ஆண்டு மிசௌரி ஆற்றின் வழியே மேற்கு நோக்கிச் சென்றனர். மே மாதம் 9ஆம் நாள், தெற்கிலிருந்து வந்து மிசௌரியில் கலக்கும் ஓர் ஆற்றைக் கண்டனர். அதன் படுகை மிசௌரியைப் போலவே அகலமாக இருந்தது. ஆனால் ஓடும் நீர் ஒரு துளியும் இல்லை. அவர்கள் வியந்தார்கள், எனினும் அதை விட்டுவிடவில்லை. 'பெரிய வறண்ட ஆறு' என்று பொருள்படப் பெயரிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். நீரில்லாவிடினும் இத்துணை அகலமான படுகையை உண்டாக்கியது நீரே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. 1933இல் தொடங்கி 1940இல் முடிந்த போர்ட் பெக் அணையின் நீர்த்தேக்கத்தில் அவ்வாற்றின் முகத்துவாரம் மூழ்கியது. 'வறண்ட கை' என்று பெயர் பெற்ற நீர்ப்பரப்பு ஒன்று இப்பொழுது அவ்விடத்தில் இருக்கிறது.

அளவுகோல் கொண்டு பங்கிட்ட நிலம்

லூயிசும் கிளார்க்கும் கையாண்ட பொறுமையைப் பின்னால் நிலம் பங்கிட்டவர்கள் கையாளவில்லை. அமெரிக்காவில் 1785ஆம் ஆண்டு ஒரு நில அளவைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அரசுக்கு உரிய நிலம் 6 மைலுக்கு 6 மைல் சதுரங்களாகவும், ஒவ்வொரு சதுரமும் 1 மைலுக்கு 1 மைல் கொண்ட 36 கட்டங்களாகவும் பிரிக்கப்பட்டது. ஒரு கட்டம் 640 ஏக்கர். கிழக்கே மழை மிகுந்த நாட்டில் வகுத்த இம்முறையை மேற்கேயுள்ள வறண்ட புல்வெளியிலும் மாற்றமின்றிக் கையாண்டனர். பிளாக்பீட், குரோ, அசினிபாயின் முதலிய பழங்குடி மக்கள் வாழ்ந்த நிலம் அது. அவர்களைச் சிறு ஒதுக்கிடங்களில் அடைத்துவிட்டே இப்பங்கீடு நடந்தது என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

அளவையாளர்கள் 66 அடிச் சங்கிலி கொண்டு அளந்தனர். நம் நாட்டுப் புலப்படங்களில் 'லிங்க்ஸ்' கணக்கில் அளவு எழுதியிருக்கிறதே, அதே குன்டர் சங்கிலிதான். மைலுக்கு இவ்வளவு தொகை என்பது அவர்களுடைய ஒப்பந்தம். கட்டத்தின் கோட்டில் நேராக நடந்து சென்று, அக்கோட்டை ஓர் ஓடை எங்கே குறுக்கிடுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டனர். இரு கோடுகளுக்கு இடையே ஓடை எப்படி வளைந்து செல்கிறது, எங்கே பிறக்கிறது என்பவற்றைப் பெரும்பாலும் உத்தேசமாகவே வரைந்தனர். செங்குத்தான உடைநிலத்தில் கோடு பிடித்து நடப்பது எவ்வளவு கடினம் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வாறு பிரித்த நிலத்தை அரசு மக்களுக்கு வழங்கிற்று. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி குடும்பத்திற்கு 160 ஏக்கர். 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி வறண்ட பகுதிகளில் 320 ஏக்கர். கேட்பதற்குப் பெரும் நிலமாகத் தோன்றும். ஆனால் ஒரு சதுரத்தில் ஓடையும் ஊற்றும் சேர்ந்து அமைந்திருக்கும். அதைச் சூழ்ந்த பல சதுரங்களில் ஒரு சொட்டு நீர்கூட இராது. நீருள்ள சதுரம் எவர் கையில் அகப்பட்டதோ அவர் பிழைத்தார். மழை நன்கு பெய்த சில ஆண்டுகளில் இக்குறை வெளியே தெரியவில்லை. 1917ஆம் ஆண்டு முதல் வறட்சி தொடர்ந்தது. 1919 முதல் 1925 வரை மான்டானாவில் சுமார் 11,000 பண்ணைகள் கைவிடப்பட்டன. மாநிலத்தின் வங்கிகளில் ஏறக்குறையப் பாதி முறிந்துபோயின. விலை வீழ்ச்சியும் ஒரு காரணமே. எனினும், நிலத்தின் அமைப்பையும் நீரின் வழியையும் பாராமல் வகுத்த எல்லைகள் அக்குடியானவர்களைத் தாங்கவில்லை என்பதில் ஐயமில்லை.

பவல் சொன்ன யோசனை

இவ்வாறு நேரும் என்று முன்கூட்டியே எச்சரித்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் 1862ஆம் ஆண்டு வலக்கையை இழந்தவர். 1869இல் கொலராடோ ஆற்றின் பெரும்பள்ளத்தாக்கு வழியே படகிற் சென்று ஆராய்ந்தவர். 1878ஆம் ஆண்டு வறண்ட நிலங்களைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். ஆண்டுக்கு 20 அங்குலத்திற்குக் குறைவாக மழை பெய்யும் நாட்டில், மழையை மட்டும் நம்பிப் பயிரிடுவது ஆபத்து என்றார். பாசனம் உள்ள இடத்தில் 80 ஏக்கர் போதும். மேய்ச்சல் நிலமாயின் 2,560 ஏக்கர் வேண்டும் என்று கணக்கிட்டார். பண்ணைகளின் எல்லை சதுரமாக இருக்க வேண்டியதில்லை; நிலத்தின் அமைப்பை ஒட்டி, ஒவ்வொருவருக்கும் நீர்முகம் கிடைக்குமாறு அமைய வேண்டும் என்பது அவர் யோசனை.

பவல் 1881 முதல் 1894 வரை அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் தலைவராக இருந்தார். 1889ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மான்டானா மாநிலத்திற்கு அரசியல் சட்டம் வகுக்கும் மன்றம் ஹெலினா நகரிற் கூடியபோது, அவர் அங்கே சென்று பேசினார். மாநிலத்தின் உட்பிரிவுகளை ஆற்று வடிநிலங்களை ஒட்டி அமைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரு வடிநிலத்தில் வாழ்வோர் ஒரே நீரைப் பகிர்பவர்கள். மேலே காடு அழிந்தால் கீழே வெள்ளம் வரும். ஆகையால் அவர்கள் ஒரே நிர்வாகத்தில் இருப்பது நலம் என்பது அவர் கருத்து. மன்றத்தினர் மரியாதையுடன் கேட்டார்கள், ஆனால் ஏற்கவில்லை. எல்லைகள் முன்போலவே வகுக்கப்பட்டன.

அவருடைய யோசனை தோற்றாலும், அவர் ஊக்கத்தோடு நடத்திய மற்றொரு பணி நின்றது. நாடு முழுவதற்கும் நில அமைப்புப் படம் வரைவதே அப்பணி. நிலத்தின் வடிவம் தெரியாமல் நீரைப் பற்றி எவ்வித முடிவும் செய்ய இயலாது என்பதை அவர் உறுதியாக நம்பினார்.

உடைநிலத்தைப் படமாக்கிய விதம்

முற்காலத்தில் அளவையாளர் முக்காலி மீது வரைபலகையை ஏற்றி, அதன்மேல் தொலைநோக்கி பொருத்திய அளவுகோலை வைத்து, கண்முன் தெரியும் குன்றையும் வளைவையும் அங்கேயே தாளில் வரைந்தனர். குன்றின் உச்சியில் நின்றால் நாலாபுறமும் தெரியும். உடைநிலத்திலோ மேட்டில் நின்றால் பள்ளத்தின் அடி தெரியாது. பள்ளத்தில் நின்றால் அடுத்த பள்ளம் தெரியாது. மழை பெய்துவிட்டால் அந்தக் களிமண் சக்கரத்தையும் காலையும் பசைபோல் பற்றிக்கொள்ளும், வண்டி நகராது. தங்க ஊரும் கிடையாது. பெரிய வறண்ட ஆறு பாயும் கார்பீல்டு என்னும் உட்பிரிவு 12,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடையது. அதில் வாழ்வோர் சுமார் 1,200 பேர். இத்தகைய இடங்களுக்கு நுட்பமான படம் கிடைக்க நெடுங்காலம் ஆனதில் வியப்பில்லை.

இவ்விடரைப் பெரிதும் தீர்த்தது விமானப் படம். ஒரே நிலத்தை இரு நிலைகளிலிருந்து எடுத்த இரண்டு படங்களைத் தனிக் கருவியில் வைத்து இரு கண்களாலும் நோக்கினால், மேடும் பள்ளமும் உள்ளது உள்ளபடி எழுந்து தோன்றும். அதைக் கொண்டு சம உயரக் கோடுகளை வரைவர். 1947 முதல் 1992 வரை நடந்த பெருந்திட்டத்தில், 1 அங்குலம் 2,000 அடியைக் குறிக்கும் 1:24,000 அளவில், சுமார் 55,000 தாள்கள் அந்நாட்டுக்கு வரையப்பட்டன. ஒவ்வொரு தாளிலும் சம உயரக் கோடு பழுப்பு நிறம், நீர் நீல நிறம், மனிதர் அமைத்தவை கருப்பு, காடு பச்சை. வற்றாத ஓடையை முழு நீலக்கோடாக வரைந்தனர். ஆண்டில் ஒரு பகுதி மட்டும் ஓடும் ஓடையை, ஒரு சிறு கோடு, மூன்று புள்ளிகள், மீண்டும் ஒரு சிறு கோடு என்று விட்டுவிட்டு வரைந்தனர். உடைநிலத்தின் தாளைக் கையில் எடுத்தால், இத்தகைய புள்ளிக்கோடுகள் இலை நரம்பு போலத் தாள் முழுவதும் படர்ந்திருக்கக் காணலாம். முழு நீலக்கோடு ஒன்றிரண்டே இருக்கும்.

விமானப் படத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. வரைந்த தாளை எடுத்துக்கொண்டு ஆட்கள் களத்திற்குச் சென்றனர். கால்நடைப் பண்ணைக்காரர்களிடம் ஓடையின் பெயரையும், நீர் எக்காலத்தில் வரும் என்பதையும் கேட்டுச் சரிபார்த்தனர். ஏனெனில் விமானம் பறந்த நாளில் ஓடை எப்படி இருந்தது என்பது மட்டுமே படத்திலிருந்து தெரியும். பத்தாண்டில் எப்படி ஓடியது என்பது அங்கு வாழ்பவருக்கே தெரியும்.

இதில் ஒரு குறையும் நேர்ந்தது. மழை மிகுந்த ஆண்டில் சென்றவருக்கு விட்டோடும் ஓடையும் வற்றாத ஓடையாகத் தோன்றும். வறண்ட ஆண்டில் சென்றவருக்கு வற்றாத ஓடையும் வற்றியதாகத் தோன்றும். அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில், படத்தில் உள்ள வகைப்பாட்டைக் களத்திற் கண்ட நிலையோடு ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டனர். இரண்டும் மாறுபடுவதற்கு, அளவை நடந்த ஆண்டின் மழைநிலை ஒரு காரணம் என்று கண்டனர். இப்பொழுது விமானத்திலிருந்து ஒளிக்கதிர் செலுத்தி நிலத்தின் ஏற்றத்தாழ்வை மிக நுட்பமாக அளக்கிறார்கள். பள்ளத்தின் வடிவம் இதனால் ஐயமறத் தெரிகிறது. அதில் எப்போது நீர் வரும் என்பதை அறிய இன்றும் பல ஆண்டுக் கவனிப்பு வேண்டியிருக்கிறது.

ஓர் இரவில் நேர்ந்தது

வறண்ட ஓடையை அலட்சியம் செய்தல் எத்துணைக் கேடு தரும் என்பதற்கு அதே மான்டானாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன். கஸ்டர் ஓடை என்பது யெல்லோஸ்டோன் ஆற்றிற் கலக்கும் ஒரு சிற்றோடை. அதன் மேல் ரயில் பாலம் ஒன்று இருந்தது. 1938ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், 'ஒலிம்பியன்' என்னும் பயணிகள் ரயில் மேற்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. ஓடையின் மேற்பகுதியில் கொட்டிய பெருமழையின் வெள்ளம் திடீரெனப் பாய்ந்து பாலத்தைக் குலைத்திருந்தது. ரயில் ஓடையில் விழுந்தது. குறைந்தது 47 பேர் உயிரிழந்தனர்.

நம் மாநிலத்திலும் 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தால் ரயில் விழுந்து, 140க்கு மேற்பட்டோர் மாண்டதைப் பெரியவர்கள் மறந்திரார். மருதையாறும் ஆண்டு முழுதும் ஓடுகின்ற ஆறன்று.

இரு நிகழ்ச்சிகளிலிருந்தும் ஒன்று விளங்குகிறது. நாம் நிற்கும் இடத்தில் மழை பெய்ததா என்பது ஓடைக்குப் பொருட்டன்று. மேலே அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பில் எங்கோ பெய்த மழையே கீழே வந்து சேரும். ஆகையால் ஓடையை அறிய வேண்டுமானால், நம் கண்முன் உள்ள மணலை மட்டும் பாராமல், அது பிறக்கும் மேடு வரை பார்க்க வேண்டும். அதைக் காட்டுவதே நில அமைப்புப் படம்.

படத்தைப் படிக்கும் முறை

நம் நாட்டில் இத்தகைய படங்களை இந்திய நில அளவைத் துறை வெளியிடுகிறது. 1767ஆம் ஆண்டு தோன்றிய துறை அது. நாடு தழுவிய முக்கோண அளவையை லாம்டன் என்பவர் 1802இல் தொடங்கியதும் நம் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்திலேதான். அலுவலகங்களில் 'டோபோ ஷீட்' என்று வழங்கும் 1:50,000 அளவுத் தாளில், 1 சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டரைக் குறிக்கும். பழைய தாள்களில் நீர் நிற்கும் இடம் நீலமாகவும், வறண்ட ஓடை கருங்கோடாகவும் காட்டப்பட்டிருக்கும். கருங்கோட்டைக் கண்டு பாதை என்று மயங்கிவிடக் கூடாது.

முதலாவதாக, பழுப்பு நிறச் சம உயரக் கோடுகளை நோக்குக. ஒரு கோட்டில் உள்ள இடமெல்லாம் கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரம். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு. விலகியிருந்தால் மெல்லிய சரிவு.

இரண்டாவதாக, இக்கோடுகள் ஓரிடத்தில் ஏரின் கொழுமுனை போல் கூராக வளைந்திருப்பதைக் காணலாம். கூர்முனை உயரமான பக்கத்தை நோக்கியிருந்தால் அது பள்ளம். நீர் ஓடும் வழி. தாழ்ந்த பக்கத்தை நோக்கியிருந்தால் அது மேட்டின் முதுகு. இவ்விதி மான்டானாவுக்கும் மதுரைக்கும் ஒன்றே. அங்கே நீலமோ கருப்போ எந்த ஓடைக்கோடும் வரையப்படாவிட்டாலும், கூர்முனைகள் வரிசையாக அமைந்திருந்தால் அது நீர்வழியே என்று கொள்க.

மூன்றாவதாக, அந்த ஓடையைச் சூழ்ந்துள்ள மேட்டு முதுகுகளை ஒரு பென்சிலால் இணைத்துக்கொண்டே போகவும். அக்கோட்டுக்கு உள்ளே பெய்யும் மழை முழுவதும் அந்த ஓடைக்கே வரும். இதுவே அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு.

நான்காவதாக, அப்பரப்பைச் சென்டிமீட்டர் கட்டங்களாக்கி எண்ணுக. ஒரு கட்டம் 25 ஹெக்டேர். உதாரணமாக, 12 கட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். 300 ஹெக்டேர் ஆகிறது. ஓர் இரவில் அதன்மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 1,50,000 கன மீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வழிந்தோடினாலும் 50,000 கன மீட்டர். அதாவது 5 கோடி லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் நாலாயிரம் லாரிக்கு மேல். அவ்வளவும் சில மணி நேரத்தில், மனைகள் பிரிக்கலாம் என்று நாம் கருதிய அந்த மணல் வழியே வந்தாக வேண்டும்.

நான் கற்ற பாடம்

இதைப் பிறருக்குச் சொல்லும் தகுதி எனக்கு வந்தது ஒரு தவறு செய்த பின்னரே. முன்பு வேறோர் ஒன்றியத்திற் பணியாற்றியபோது, பள்ளிக்குச் செல்லும் பாதை ஒன்று ஓர் ஓடையைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே மூன்றாண்டுகளாக நீரில்லை. ஒரே குழாய் பதித்த சிறுபாலம் போதும் என்று மதிப்பீடு வந்தது. நான் நேரிற் சென்று பார்த்தேன், மணல் காய்ந்து கிடந்தது, ஒப்புதல் அளித்தேன். அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ஐயா, இது வருஷம் பூராத் தூங்கும், எப்பவாவது ஒரு ராத்திரி எழுந்திரிக்கும். குழாய் பத்தாதுங்க" என்றார். நான் புன்னகை செய்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு ஐப்பசியில் ஒரே இரவு மழை. குழாயின் வாயைச் செத்தையும் முள்ளும் அடைத்துக்கொண்டன. நீர் பக்கவாட்டில் திரும்பியது. பாலமும் போயிற்று, பாலத்தின் கீழ்ப்புறம் இருந்த சிறு விவசாயிகளின் கதிர் வாங்கும் நிலையிலிருந்த வயல்களும் மணல் மூடிப் போயின. பொழுது விடிந்து அங்கே சென்றபோது, வயலின் சொந்தக்காரர்கள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. அலுவலகத்திற்குத் திரும்பிப் பீரோவில் இருந்த டோபோ ஷீட்டை விரித்துப் பார்த்தேன். அந்த ஓடை இரண்டு கரடுகளுக்கு இடையே பிறந்து, நான்கு கிளைகளைச் சேர்த்துக்கொண்டு, நான் நின்ற இடத்திற்கு வருவது தெளிவாக வரையப்பட்டிருந்தது. அத்தாள் பல ஆண்டுகளாக அங்கேயே இருந்தது. பெரியவரின் சொல்லும் தாளின் கோடும் ஒன்றையே கூறின. இரண்டையும் நான் கேட்கவில்லை.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

நம்மிடம் ஏற்கெனவே மூன்று சான்றுகள் உள்ளன. ஒன்று, வருவாய்த்துறையின் புலப்படமும் 'அ' பதிவேடும். இவை ஓடைப் புறம்போக்கின் எல்லையைச் சொல்லும். நீர்வழிப் புறம்போக்கை மனையாக ஒப்படைத்தல் கூடாது என்னும் விதிக்கு இவையே ஆதாரம். இரண்டு, நில அமைப்புப் படம். இது ஓடை எங்கே பிறந்து எவ்வளவு நீரைக் கொண்டுவரும் என்பதைச் சொல்லும். மூன்று, ஊர்ப் பெரியவர்கள், மேய்ச்சற்காரர்கள், நீர்பாய்ச்சிகள் ஆகியோரின் நினைவு. எந்த ஆண்டு வெள்ளம் எதுவரை ஏறியது என்பதை இவர்களே அறிவர். இம்மூன்றையும் ஒரே தாளிற் சேர்த்துவிட்டால் ஊருக்கு ஓர் ஓடைப் படம் கிடைத்துவிடும். உறுப்பினர்கள் பின்வருமாறு செய்து பார்க்கலாம்:

1. ஒன்றிய அலுவலகத்தில் உங்கள் ஊர் அடங்கிய டோபோ ஷீட்டைப் பெற்று, ஊர் எல்லைக்குள் வரும் ஒவ்வொரு நீர்வழியையும் குறித்துக்கொள்க.

2. ஒவ்வோர் ஓடையின் நீர்ப்பிடிப்புப் பரப்பையும் கட்டங்களால் எண்ணி எழுதுக. அது பக்கத்து ஊராட்சியில் தொடங்கினால், அவ்வூராட்சியின் பெயரையும் எழுதுக. தடுப்பணையோ கசிவுநீர்க் குட்டையோ அமைக்குமுன் அவர்களுடனும் கலந்துகொள்க.

3. ஐப்பசிக்கு முன் ஒரு நாள், பெரியவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு ஓடையின் முகத்துவாரத்திலிருந்து தலைப்பு வரை நடந்து செல்க. பழைய வெள்ளம் ஏறிய இடத்தை மரத்திலோ கல்லிலோ அடையாளமிடுக.

4. மழைக்காலத்தில் எந்தத் தேதியில் நீர் வந்தது, எத்தனை நாள் ஓடியது என்பதை ஒரு நோட்டில் தொடர்ந்து எழுதி வருக. ஓர் ஆண்டுக் குறிப்பு ஏமாற்றிவிடும்; பத்தாண்டுக் குறிப்பு வழி காட்டும்.

5. சிறுபாலம், சாலை, மனைப்பிரிவு ஆகியவற்றுக்கான தீர்மானம் எதுவாயினும், ஓடைப் படத்தை மேசை மீது விரித்த பின்னரே நிறைவேற்றுக.

வீடில்லாத குடும்பங்களுக்கு மனை வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அதற்கு மேட்டு நிலத்தைத் தேடித் தருவது ஊராட்சியின் கடமை. ஓடையில் மனை கொடுத்தால், கொடுத்தவர்கள் பதவி முடிந்து வீட்டில் இருக்கும்போது, வாங்கியவர்கள் ஓர் இரவு பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு வெளியேற நேரும். அடுத்த கிராம சபையில் "நீரில்லாத ஓடை எதற்கு?" என்று யாரேனும் கேட்டால், அவரையும் அழைத்துக்கொண்டு அந்த ஓடையின் தலைப்பு வரை ஒருமுறை நடந்து வாருங்கள்.